திறக்காத சிப்பி

முத்துச் சிப்பியைத் திறந்து பார்த்து யாரும் வாங்கியதில்லை. மன்னார் வளைகுடாவின் இரண்டு கரைகளிலும், பிரிட்டிஷ் காலத்து முத்துக்குளிப்பு முகாம்களில் வியாபாரம் அப்படித்தான் நடந்தது. கடலுக்குப் போன படகுகள் திரும்பியதும் சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மிச்சம் ஒரு பங்கு படகில் போனவர்களுக்கு. அரசுப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவருக்குக் கிடைப்பது ஒரு குவியல் மூடிய சிப்பி. உள்ளே ஆணிமுத்து இருக்கலாம், தூள் இருக்கலாம், வெறும் சதை மட்டும் இருக்கலாம். குளித்தவர்கள் தங்கள் பங்கைக் கடைத்தெருவில் சில்லறையாகவும் விற்றார்கள். முத்து வியாபாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஒரு டஜன் வாங்கிக் கத்தியால் நெம்பிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் இன்னொரு டஜன்.

வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதன் இன்றைய பெயர் லூட் பாக்ஸ். கேமுக்குள் ஒரு பெட்டி வரும், காசு கொடுத்தால் திறக்கும். அபூர்வமான வாளோ சட்டையோ இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது. ஜப்பானில் இதையே 'கச்சா' என்கிறார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக உயிர்கள் சலிக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியது பிறகுதான். முத்துக் கடைத்தெருவுக்கு அது முன்பே தெரியும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நானும் இரண்டு நண்பர்களும் வார இறுதிகளில் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். பகலில் மூன்று பேருமே வேறு வேறு இடங்களில் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள். களம் எங்கள் ஊர்க் கடல். காலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதி. ஆடுகிறவர் முத்துக் குளிக்கும் படகில் ஒருவர். ஆர்.பி.ஜி. என்று சொல்லப்படும் வகை, அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் கண்ணால் பார்த்து, அதன் சார்பில் முடிவெடுத்து, அந்த முடிவுகளின் விளைவோடு வாழும் விளையாட்டு. இந்த வகை இயல்பிலேயே கொஞ்சம் கனமானது. எல்லோரும் ஆடும்படி இதை எப்படிச் செய்வது என்பதுதான் எங்கள் மூவருக்கும் ஓயாத சண்டை.

தமிழில் சிற்றிதழ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. ஜனரஞ்சகமா, தீவிரமா என்று ஐம்பது வருடமாகப் பேசிவிட்டோம். அந்த வாதத்தில் பெரும்பாலும் இரண்டு அணிகள்தான்: கூட்டம் வந்தால் தரம் போய்விடும் என்பவர்கள், கூட்டம் வராதது என்ன தரம் என்பவர்கள். இலக்கியத்தில் எப்படியோ, கேம் வடிவமைப்பில் இந்தப் பிரிவினை உதவுவதில்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. எளிதாக்கும்போது எதை எளிதாக்குகிறோம்?

ஒரு உதாரணம். 2002இல் வந்த 'மாரோவிண்ட்' விளையாட்டில் ஒரு ஊருக்குப் போக வேண்டுமென்றால் யாரிடமாவது வழி கேட்க வேண்டும். "தெற்கே போ, ஆத்தைத் தாண்டினதும் இடது பக்கம்" என்கிற மாதிரி சொல்வார்கள். சில நேரம் தப்பாகவும் சொல்வார்கள். அதே தொடரில் 2006இல் 'ஒப்ளிவியன்' வந்தபோது திரையில் ஒரு திசைகாட்டி வந்துவிட்டது. அம்புக்குறியைப் பார்த்து நடந்தால் போதும். 2011இல் வந்த 'ஸ்கைரிம்' அதே வழியில் போய் உலகம் முழுக்க ஆடப்பட்டது. பழைய ரசிகர்கள் இன்றும் புலம்புவார்கள். நான் பாதிதான் புலம்புவேன். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு ஒரு மணிநேரம் ஆட உட்காருகிறவருக்கு வழி தெரியாமல் அலைவது சுகமில்லை. ஆனால் அம்பு வந்ததும் வழி சொல்லும் மனிதர்கள் தேவையில்லாமல் போனார்கள். அவர்கள் இருக்கிறார்கள், பேசுகிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. சிரமத்தை எடுக்கப் போய் உறவையும் சேர்த்து எடுத்தாயிற்று.

எங்கள் கடலுக்கு வருவோம். குளிக்கிறவர் கடலடிப் பாருக்கு ஐந்திலிருந்து பத்து பாகம் வரை இறங்க வேண்டும். ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஆறடி. இருக்கும் மூச்சு ஒரு நிமிடம், கொஞ்சம் முன்பின். நீந்தி இறங்கினால் மூச்சில் பாதி இறங்குவதிலேயே போய்விடும். அதனால் ஒரு கல். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி நின்றால் அதுவே கீழே கொண்டுபோய் விடும். கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கு ஒரு கல், மாறி மாறி. சிப்பியை அள்ளி வலைப்பையில் போட்டதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார்.

எளிதாக்குவது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கல் கடலின் ஆழத்தைக் குறைப்பதில்லை. அடியில் இருக்கும் நேரத்தை அதிகமாக்குகிறது, அவ்வளவுதான். பெரிய எழுத்து, தெளிவான பொத்தான், எங்கே விட்டோமோ அங்கிருந்து தொடரும் வசதி, பழைய போனிலும் ஓடும் நிரல், காது கேளாதவருக்கு எழுத்தில் வசனம், இதெல்லாம் கல்லும் கயிறும். இவற்றைச் செய்யாமல் "எங்கள் கேம் கஷ்டமானது, அதனால் ஆழமானது" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. கல் கொடுக்காமல் ஆளைத் தள்ளிவிட்டு அவருக்கு மூச்சு பத்தவில்லை என்கிறார்கள்.

ஆனால் கடலடியையே ஐந்தடிக்கு உயர்த்தி வைப்பது வேறு காரியம். ஆர்.பி.ஜி.யில் அந்த ஆழம் விளைவில் இருக்கிறது. 1985இல் ரிச்சர்ட் கேரியட் வெளியிட்ட 'அல்டிமா 4' விளையாட்டில் மூலிகை விற்கும் ஒரு பார்வையற்ற பெண் வருவார். காசை எண்ணிக் கொடுப்பது நீங்கள். குறைத்துக் கொடுக்கலாம், அவருக்குத் தெரியாது. உடனே எதுவும் நடக்காது. மணியடிக்காது, காவலர் வரமாட்டார். விளையாட்டு பேசாமல் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகெப்போதோ, நேர்மை என்ற குணத்தில் உங்களால் தேற முடியாமல் போகும். அதற்கு முன்னால் இந்த வகை விளையாட்டுகளில் அகப்பட்டதை அள்ளிக்கொள்வதுதான் திறமை. கேரியட் அந்தப் பழக்கத்தையே கேள்வியாக்கினார். வரைகலை என்று பார்த்தால் சில கட்டங்களும் புள்ளிகளும்தான், இன்று அரை மணிநேரம் ஆடினால் கண் வலிக்கும்.

வேஷம் என்றால் எடை இருக்க வேண்டும் என்பது நம்மிடம் பழைய அறிவு. தெருக்கூத்தில் துகிலுரிதல் இரவன்று துச்சாதனன் வேஷம் கட்டியவர், சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி அம்மனுக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிடுவது உண்டு. பார்க்கிறவர்கள் ஊர் ஜனம், கிழவிகள், மடியில் தூங்கும் பிள்ளைகள். அதைவிட ஜனரஞ்சகமான சபை கிடையாது. அவர்களுக்காக யாரும் அந்தக் காட்சியை லேசாக்கவில்லை.

2023இல் 'பால்டர்ஸ் கேட் 3' வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் இதனால்தான். முறை வைத்து ஆடும் சண்டை, நூற்றுக்கணக்கான விதிகள், முடிவில்லாத பேச்சு என்று சந்தையில் விற்காது என்று சொல்லப்பட்ட எல்லாமே அதில் இருந்தன. ஆடாதவர்களே இல்லை என்னும் அளவுக்குப் பரவியது. அதில் நான் கவனித்த ஒரு சின்ன விஷயம்: ஒருவரை ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்றால் திரை நடுவில் இருபது முகப் பகடை ஒன்று வந்து உருளும். எத்தனை விழ வேண்டும் என்ற எண்ணை முதலிலேயே காட்டிவிடுகிறது. அதிர்ஷ்டம்தான், ஆனால் கண் முன்னால் நடக்கிறது. தோற்றால் கதை நின்றுவிடாமல் வேறு பக்கம் போகிறது. லூட் பாக்ஸிலும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தைத்தான் சொல்வேன். ஒன்றில் பகடை கதைக்கு உள்ளே உருள்கிறது, மற்றதில் உங்கள் பர்ஸுக்குள்.

சென்ற வருடம் ஒரு விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரிடம் எங்கள் முன்மாதிரியைக் காட்டினோம். நல்ல மனிதர், ஆர்வமாக ஆடிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "ப்ரோ, உங்க கேம்லயே நேச்சுரலா லூட் பாக்ஸ் இருக்கு. சிப்பி! மத்தவங்க பெட்டி, முட்டைனு என்னென்னமோ யோசிக்கிறாங்க. உங்களுக்கு வரலாறே கொடுத்திருக்கு. கேமை ஃப்ரீயா விடுங்க, சிப்பிக்குக் காசு வைங்க."

அவர் சொன்னதில் வரலாற்றுப் பிழை எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். மறிச்சுக்கட்டி போன்ற இடங்களில் வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைத்தது. பல்லாயிரம் பேர், கடைத்தெரு, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ஜெயில் எல்லாம். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளிப்பவர்கள் போனார்கள், அரபுகள் வந்தார்கள். வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் லெனர்ட் வுல்ஃப் இளம் அதிகாரியாக 1906இல் அங்கே வேலை பார்த்தவர், பிற்பாடு அதை வைத்துக் கசப்பான ஒரு கதையும் எழுதினார். அந்தக் கூட்டத்தில் கடலில் இறங்கியவர்கள் ஒரு பகுதிதான். மற்றவர்கள் வந்தது மூடிய சிப்பிக்காக. ஆக ஜனரஞ்சகம் என்று பார்த்தால் அந்தக் காலத்திலேயே கூட்டம் சேர்த்தது சூதாட்டம்தான், முக்குளிப்பு அல்ல. பாத்திரம் ஏற்க வந்தவர்கள் படகில் இருந்தார்கள், பெட்டி திறக்க வந்தவர்கள் கரையில்.

பெட்டி திறப்பவர்களை நம்பிக் கடலை நடத்தினால் என்னாகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1905இல் இலங்கைப் பக்கம் எடுத்த சிப்பிகள் எட்டுக் கோடிக்கும் மேல். அந்தக் கணக்கைப் பார்த்து ஒரு லண்டன் கம்பெனி 1906இல் இருபது வருடக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு பார்களில் சொல்லும்படி சிப்பி இல்லை, கம்பெனியும் கலைந்தது. எங்கள் பக்கம் 1955இலிருந்து சில ஆண்டுகள் நன்றாக நடந்து 1961உடன் முத்துக்குளிப்பு முடிந்துபோனது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கினார்கள். ஆனால் முத்து உள்ளே இருக்கிறது என்று தெரிந்தே திறக்கும் சிப்பிக்குக் கடைத்தெரு கூடாது.

'ஃப்ரீயா விடுங்க' என்பதற்கும் எங்கள் ஊரில் ஒரு முன்கதை உண்டு. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பயணமே இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். ஆப் ஸ்டோரில் இலவச கேம்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடை ஞாபகம் வரும். காசு கொடுத்து வாங்கும் சின்ன கேம் எதுவும் அந்தக் குடையோடு போட்டி போட முடியாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் விட முடியாது. பெல்ஜியம் 2018இல் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றது. சீனா 2017இலிருந்து வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொல்கிறது. 'கென்ஷின் இம்பாக்ட்' தன் உயர்ந்த ரகப் பாத்திரத்துக்கு 0.6 சதவீதம் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறது, 90ஆவது முறை நிச்சயம் என்றும். எண்ணைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் திறக்கிறார்கள். தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த சட்டமும் 2025இன் மத்தியச் சட்டமும் முக்கியமாகக் குறி வைப்பது காசு வைத்துக் காசு எடுக்கும் ஆட்டங்களை. லூட் பாக்ஸில் பெரும்பாலும் எடுப்பது இல்லை, வைப்பது மட்டும்தான். மறிச்சுக்கட்டியில் டஜன் சிப்பி வாங்கியவருக்கு ஒரு முத்தாவது விற்க வாய்ப்பிருந்தது.

காசு வைப்பதில்லை என்று மூவரும் முடிவு செய்தோம். அதில் பெரிய தியாகம் ஒன்றுமில்லை, சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது. கடினமான கேள்விகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

முதல் கேள்வி கடல்கட்டி. படகுகள் புறப்படும் முன் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுபவர். அவர் இல்லாமல் குளிப்பவர்கள் இறங்கமாட்டார்கள் என்பதால் பிரிட்டிஷ் அரசே அவருக்கும் ஏற்பாடு செய்தது. ஆர்.பி.ஜி. பழக்கத்தில் இவர் ஒரு மந்திரவாதி, ஓதினால் சுறா வரும் வாய்ப்பு இத்தனை சதவீதம் குறையும் என்று எழுதிவிடலாம். எழுதவில்லை. எங்கள் நிரலில் அவர் ஓதினாலும் ஓதாவிட்டாலும் சுறாவின் எண் ஒன்றுதான். ஓதிய நாளில் குளிப்பவரின் மூச்சு கொஞ்சம் கூடுதலாக நிற்கும், பதற்றம் இல்லாததால். இதை ஆடுகிறவருக்குச் சொல்ல வேண்டுமா? பகடை கண் முன்னால் உருள வேண்டும் என்று மேலே எழுதியவன் நான். ஆனால் சொல்லிவிட்டால் அவர் நம்புகிறவராக ஆட முடியாது, நம்பிக்கையின் பலனைக் கணக்குப் பார்ப்பவராகத்தான் ஆடுவார். இப்போதைக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறோம். நண்பர்களில் ஒருவனுக்கு இதில் உடன்பாடில்லை.

இரண்டாவது, யாராக ஆடுவது. முதலில் எல்லோரும் நினைப்பதுபோல் குளிப்பவராகத்தான் வைத்திருந்தோம். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஒரு அண்ணாச்சியிடம் போய்ப் பேசினோம். இப்போது கல்லும் கயிறும் இல்லை, கம்ப்ரசரும் ஹோஸும்தான். "இதுல ரொம்பப் பயம் எப்ப அண்ணாச்சி?" என்று கேட்டேன். "முங்குதவனுக்கு என்ன தம்பி பயம்? அவனுக்குக் கீழ வேல இருக்கு. மேல ஹோஸப் பாத்துக்கிட்டு ஒருத்தன் இருக்காம்லா, அவனுக்குத்தான். அவனுக்கு வேல ஒண்ணுங் கிடையாது. பாத்துக்கிட்டே இருக்கணும்."

முத்துக்குளிப்புக் காலத்தில் கயிறு பிடிப்பவர் மைத்துனராகத்தான் இருப்பார் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அக்கா தங்கச்சி தாலி அவர் கையில். கூடப்பிறந்த அண்ணன் தம்பி என்றால் சொத்துக்காக விட்டுவிடலாம், மைத்துனர் விடமாட்டார் என்பது அதில் உள்ள கணக்கு. அன்றிரவே நாயகனை மாற்றினோம். ஆடுகிறவர் இப்போது மைத்துனர். கட்டைவிரலைத் திரையில் வைத்திருக்க வேண்டும். அதுதான் கயிறு. ஒரு நிமிடம் தண்ணீர் மட்டும் தெரியும். சுண்டல் வந்ததும் இழுக்க வேண்டும். சீக்கிரம் இழுத்தால் சிப்பி குறையும், குடும்பத்தில் பேச்சு வரும். தாமதித்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி நடந்தால் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம், அதை எடுக்கவில்லை. இரவு பத்து மணிக்காரரை நான் மறக்கவில்லை. ஆனால் தொடங்கும்போது அக்கா வாசலில் நிற்பாள்.

ஆடுகிறவர் கை சும்மா இருக்கக்கூடாது என்பது மொபைல் கேம் உலகத்தில் வேதம். மூன்று நொடி எதுவும் நடக்காவிட்டால் ஆளை இழந்தாய் என்பார்கள். ஆடிப் பார்க்கக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு நிமிடத்தில் வேறு ஆப்புக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் போகவில்லை. கேமே ஆடாத என் பெரியம்மா விரலை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கவலை வேறு இடத்திலிருந்து வந்தது. கடைத்தெருவையும் வைத்திருந்தோம், வரலாற்றை வெள்ளையடிக்கக்கூடாது என்பதற்காக. கேமுக்குள் சம்பாதித்த அணாவில் மூடிய சிப்பி வாங்கித் திறக்கலாம், உண்மைக் காசு ஒரு பைசா இல்லை. கல்லூரியில் படிக்கும் என் சித்தி பையன் இரண்டு மணிநேரம் ஆடினான். பின்னால் பதிவைத் திறந்து பார்த்தால் படகில் ஏறியது ஒரே தடவை. மீதி நேரம் முழுக்கக் கடைத்தெருவில் சிப்பி திறந்திருக்கிறான். "அது செமயா இருக்குண்ணே, அந்த டக்குனு ஓப்பன் ஆகுற சவுண்டு!" சவுண்டு போட்டவன் நான்தான்.

காசில்லாத இடத்தில் இது ஒரு தப்பா? அவன் சந்தோஷமாக இருந்தான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் எங்கள் கேமில் அவன் யாராகவும் இல்லை. மைத்துனராகவும் இல்லை, வியாபாரியாகக்கூட இல்லை. திறக்கும் ஒரு விரல், அவ்வளவுதான். கடைத்தெருவையே எடுத்துவிடலாம் என்றான் ஒருவன். சத்தத்தை மந்தமாக்கலாம், நாற்றமும் ஈயும் காட்டலாம் என்றான் இன்னொருவன். நிஜத்தில் ஏலம் எடுத்த சிப்பிகளை நாள்கணக்கில் அழுகவிட்டுத்தான் கழுவி முத்தெடுப்பார்கள், அந்த வாடை பல மைலுக்கு அடிக்குமாம்.

நான் செய்தது ஒரு சின்ன வேலை. சிப்பி என்ற பொருளுக்கு நிரலில் இரண்டு புலங்கள் கூட்டினேன்: யார் எடுத்தது, எத்தனை நொடி மூச்சில். கடைத்தெருவில் எந்தச் சிப்பியைத் திறந்தாலும், முத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீழே ஒரு பெயரும் எண்ணும் வரும். 52 நொடி. 61 நொடி. அவ்வளவுதான், அறிவுரை எதுவும் கிடையாது.

அடுத்த தடவை சித்தி பையன் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, தன் அத்தானுடைய பெயர் வந்த சிப்பியில் நின்றான். அது வெறும் சிப்பி. பிறகு படகுக்குப் போனான். இன்னொரு பெண், அலுவலகத் தோழி, எரிச்சலாகிவிட்டார். "ஒவ்வொரு தடவையும் என்னைக் குத்திக் காட்டுற மாதிரி இருக்கு. நான் ஜாலியா ஆட வந்தேன்" என்றார். அவர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அல்டிமாவின் மூலிகைக்காரி குறித்து வைத்துக்கொண்டாள், முகத்தில் அடிக்கவில்லை. எண்ணை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துப் பார்க்கிறோம், சில நாள் பெயரையும் எடுத்துவிட்டு மூச்சு வாங்கும் ஓசையை மட்டும். எது சரி என்று மூவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்போது மண்டையை உடைப்பது வேறொன்று. கயிற்றின் சுண்டலைப் போன் அதிர்வாகத்தான் தர முடிகிறது. விலை குறைந்த போன்களில் அதிர்வு மோட்டார் ஒரே மாதிரி முரட்டுத்தனமாக உறுமுகிறது. "இழு" என்பதும் "இரு, இன்னும் கொஞ்சம்" என்பதும் கைக்கு ஒன்றாகவே தெரிகிறது. எங்கள் ஊரில் பெரும்பாலும் அந்தப் போன்கள்தான். அண்ணாச்சியிடம் ஒன்றைக் கொடுத்து, கண்ணை மூடி எது எது என்று சொல்லச் சொல்ல வேண்டும்.